பதினான்காம் பக்கத்துக்கு நேரே ஒரு பெயர்

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒரே அமர்க்களம். யாருக்கு முழங்கால் வலி, யார் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், நம் வகுப்புத் தலைவி திடீரென்று வரிசையாகப் படங்களைப் போட்டுத் தள்ளினாள். நைனார்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டைப் பிரித்துக் கட்டுகிறார்களாம். பரணில் கிடந்த தகரப்பெட்டிக்குள் ‘தம்புரா’ இருந்ததாம். ஆமாம், அதே தம்புராதான். ஏழாம் வகுப்பில் நாம் கையால் எழுதி, படம் வரைந்து, ஒரே ஒரு பிரதியாகக் கொண்டுவந்த இசைப் பத்திரிகை.

நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள். மிருதங்கம் வரைந்தவளை மண்ணெண்ணெய் டின் வரைந்தவள் என்று கேலி செய்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் இரண்டு கேள்விகள் வந்தன. அட்டைக்கு அடுத்த தாளைக் காணோமே, பொருளடக்கம் எங்கே போயிற்று என்று ஒருத்தி கேட்டாள். எலி தின்றிருக்கும் என்று இன்னொருத்தி. பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் ஏன் காலியாக இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி. தலைவி வழக்கம்போலத் தீர்ப்பு சொல்லிவிட்டாள். “கையெழுத்து நல்லாருக்கறவ நீதான. பொருளடக்கத்த மறுபடி எழுதி அனுப்பு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, சந்திப்புக்கு ஆளுக்கு ஒரு புக்கா போட்டுக்கலாம்.” நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நான்கைந்து நாள் பேனாவைத் தொடவே இல்லை.

எலி அவ்வளவு நேராகக் கடிக்காது. அந்தத் தாளை வெட்டி எடுத்தவள் நான். நாற்பது வருடங்களுக்கு மேல் இதை யாரிடமும் சொன்னதில்லை, கட்டிக்கொண்டவரிடம்கூட. புதுப் பொருளடக்கம் உங்கள் கைக்கு வரும் முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

தம்புராவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண்டு விழாவுக்கு வரும் கல்வி அதிகாரிக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அறிவியல் டீச்சர் மண்ணில் எரிமலை செய்தார். நம் பாட்டு டீச்சர் பத்திரிகை என்றார். ஒல்லியான பெண்மணி. ஹார்மோனியத்தின் துருத்தியை அமுக்கும்போது அவர் தோள்பட்டையும் கூடவே ஏறி இறங்கும். முதலிலேயே தைத்து பைண்டு செய்த நீளமான வெள்ளை நோட்டு ஒன்றை வாங்கிவந்து, அதில் யார் எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஸ்வர வரிசை ஒரு பக்கம், வாத்தியங்களின் படம் நான்கு பக்கம், விடுகதை ஒரு பக்கம். அட்டைக்கு அடுத்த தாள் பொருளடக்கத்துக்கு. அது எனக்கு.

எனக்கு ஏன் என்றால், ஒன்று கையெழுத்து. இன்னொன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோக்காரர் மகளுக்கு அலங்காரம் வரும் என்று டீச்சர் தாமாக முடிவு செய்துகொண்டார். வரும் என்றுதான் நானும் நம்பினேன்.

பொருளடக்கம் என்பது சும்மா வேலை இல்லை, தெரியுமா? அதிகாரி முழுதாகப் படிக்கப் போவது அந்த ஒரு பக்கத்தைத்தான் என்று டீச்சரே சொன்னார். முதலில் வேறு தாளில் வீணையைப் படுக்க வைத்து, அதன் மேல் தலைப்புகளை எழுதினேன். டீச்சர் பார்த்துவிட்டு, “வீண எங்கடி? பூசணிக்காதான் தெரியுது” என்றார். அடுத்து ஹார்மோனியக் கட்டைகள் வரைந்து கட்டைக்கு ஒரு தலைப்பு எழுதினேன். கறுப்புக் கட்டைகளில் பக்க எண் தெரியவில்லை. கடைசியில் அழகாகக் கோடு போட்டு, இடப்பக்கம் தலைப்பு, பெயர், வலப்பக்கம் எண், நடுவே புள்ளிகள் என்று முடிவானது. தென்னங்குச்சி முனையை மையில் தொட்டு அந்தப் புள்ளிகளை வைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவில் வரவேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தது நினைவிருக்கிறது.

வரிசையில்தான் சண்டை. முதலில் தலைமை ஆசிரியையின் வாழ்த்து. அடுத்து அரிசி மில்காரர் மகள் எழுதிய வாய்ப்பாட்டுக் கட்டுரை. அதை எழுதியது அவள் அண்ணன் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், இப்போது மறுக்காதே. இப்படியே இறங்கிப் போய்க் கடைசி வரியில், பதினான்காம் பக்கத்துக்கு நேரே, ‘சாமை அறுப்புப் பாட்டு’. தலைப்பை அடுத்து அவள் பெயர்.

அவள் யார் என்று உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். கல்வராயன் மலையிலிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படித்தவள். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். தேன்கூடு மாதிரி சுருண்ட முடி. வகுப்பில் பாடச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்டல் தொட்டியில் தட்டு கழுவும்போது பாடுவாள். ஸ்டுடியோவுக்கு அந்தப் பக்கமாகத்தான் நான் போவேன். ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டேன்.

“சாம கதிரு சாஞ்சிருக்கு, சாயங்காலம் ஆவப்போவுது,
ஒக்காந்திருக்கும் சிட்டுக்கெல்லாம் ஒரு புடிய உட்டு அறு.”

பெரிய குரல் இல்லை. ஆனால் கடைசியில் ‘ஒரு புடிய’ என்ற இடத்தில் அது சட்டென்று கீழே இறங்கி, அங்கேயே கொஞ்சம் நிற்கும். நான் பாட்டு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவரும் கேட்டார். “இத எழுதிக் குடு, புத்தகத்துல போடலாம்” என்றார்.

அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதி அவள் அம்மாவுக்குத்தான் தெரியுமாம். பொங்கல் லீவில் ஊருக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அதற்காக இரண்டு பக்கங்கள் காலியாக விடப்பட்டன. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

லீவுக்கு முதல் நாள் அவளை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“எங்கப்பா இந்த வருசத்தோட நிறுத்திடுவாரு போல. பொட்டப்புள்ள படிச்சி இன்னா பண்ணப் போவுதுன்றாரு.”

“பொஸ்தகத்துல உன் பேரு வருதுன்னு சொல்லேன்.”

“சொன்னா நம்ப மாட்டாரு. காட்டணும். அவுருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா என் பேரு மட்டும் தெரியும். எங்க பொட்டி மேல எழுதிக்கீதுல்ல, அதப் பாத்துப் பாத்து மனசுல புடிச்சிக்கினாரு. எங்க எழுதியிருந்தாலும் கண்டுபுடிச்சிடுவாரு.”

பஸ் கிளம்பியது. தன் அப்பாவின் பெயரையும், தபால் வந்தால் கொடுத்து வைக்கும் டீக்கடையின் விலாசத்தையும் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டைக் கையில் திணித்தாள். கடிதம் போடு என்றாள். கடிதம் போடும் அளவுக்கு எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்ற பெருமையில் வீடு வரைக்கும் ஓடினேன்.

அவள் போன பிறகுதான் பொருளடக்கத்தை நோட்டில் நன்றாக எழுதினேன். எழுதி முடித்தபோது அவள் பெயர் கடைசி வரியில் ஏதோ போனால் போகிறதென்று ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வரிசையை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. அலங்காரம் என் கையில்தானே. ஸ்டுடியோவுக்குப் போனேன்.

அப்பாவின் மேஜையில் ஒரு சிகரெட் டப்பா நிறையக் கறுப்புக் கார்னர்கள் இருக்கும். கல்யாண ஆல்பத்தில் படத்தின் நான்கு முனைகளையும் செருகிவைக்கும் முக்கோணக் காகிதங்கள். பின்பக்கம் பசை தடவியிருக்கும், நாக்கில் தொட்டு ஒட்டவேண்டும். கசப்பும் தித்திப்புமாக ஒரு ருசி. நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் கார்னர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு கறுப்பு முனைகளுக்கு நடுவே இருப்பது எதுவோ, அதுதான் பத்திரப்படுத்த வேண்டியது. மாலை போட்ட மணமக்கள், மொட்டையடித்த குழந்தை, புது ஸ்கூட்டர்.

நான்கு கார்னர்களை எடுத்து நாக்கில் தொட்டு, அவள் பெயருக்கு மட்டும் நான்கு பக்கமும் ஒட்டினேன். ஆல்பத்தில் வைத்த படம் மாதிரி அவள் பெயர் நின்றது. அப்பா எட்டிப் பார்த்து, “ஷோக்கா கீது” என்றார். லீவுதானே, பாட்டு டீச்சர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். “ஆல்பம் மாதிரி இருக்கே” என்று சிரித்தார். இரண்டு பெரியவர்கள் பார்த்தும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஒருவர் பார்த்திருக்கலாம். அன்று சாயங்காலம் அம்மா அரைத்துக்கொண்டிருந்தவள், என்ன அது, கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டினாள். விரலெல்லாம் மஞ்சள். “தொடாதம்மா, கறையாயிடும்” என்று நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விலகிப் போனேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்த்தது அந்த இரண்டு அடியைத்தான். பின்னால் வைத்த இரண்டே அடி.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. ஆஸ்டல் வார்டன் அம்மாவிடம் கேட்டேன். “அவங்கப்பா நிறுத்திட்டாராம். ஆள் மேல சொல்லி அனுப்பிட்டாரு. நீ போய் உன் வேலையப் பாரு” என்றார். பாட்டு டீச்சர் பெருமூச்சு விட்டு, பதினான்காம் பக்கத்தில் வேறு ஏதாவது போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. காட்டினால் நம்புவார் என்று அவள்தானே சொன்னாள்? மறுநாள் நோட்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அப்பா படங்களின் ஓரத்தை நறுக்க வைத்திருந்த பிளேடால், இரும்பு ஸ்கேலை வைத்து, அந்தத் தாளை வெட்டி எடுத்தேன். வேறொரு நகல் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் புத்தகத்தில் இருந்ததே போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதம். அவள் பெயர் மேலே வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து மடித்தேன். பிரித்ததும் அவர் கண்ணில் அதுதான் முதலில் படவேண்டும். ஸ்டுடியோ கவர் ஒன்றில் போட்டு, அவள் கொடுத்த விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் எதற்கு?

அடுத்து நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். மலைக்காரர்கள் பள்ளிக்கு வந்து அழுத நாள். உங்களுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு வேறு.

காலையில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் சத்தம். இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டிய ஒருவர், தலை அவிழ்ந்த ஒரு பெண், கூட நான்கைந்து பேர். அந்தப் பெண் நடக்க முடியாமல் புங்கமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார். பக்கத்து அறைதான் நம் பாட்டு அறை. நடுவில் மரத் தட்டிதான். பாட்டு டீச்சர் எழுந்து போக, நான் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

“எம்பொண்ணு எங்கங்க? ஒடம்ப எங்க வச்சிக்கிறீங்க?” என்றார் அவர்.

தலைமை ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. “உம் பொண்ணுதான் லீவுக்கு அப்புறம் வரவே இல்லியேப்பா. நீதான நிறுத்திட்டேன்னு சொல்லி அனுப்புன?”

“கரும்பு வெட்ட அவ மாமன் கூட்டத்தோட மூங்கில்துறைப்பட்டுக்கு அனுப்பிச்சேங்க. வெட்டு முடிஞ்சா பள்ளிக்கூடத்துக்கே உடலாம்னு அவ ஆத்தா சொன்னா, சரின்னேன். இது வந்துச்சி. டீக்கடக்காரரு கவரப் பிரிச்சாரு, பாத்ததும் கீழ வச்சிட்டாரு. நானே பாத்தேன். எம்பொண்ணு பேருதாங்க. அவரயும் கேட்டேன். ஆமான்னு தலய ஆட்டுனாரு. கவரு மேல இந்த ஊரு முத்திரன்னாரு, இங்க எங்களுக்குப் பள்ளிக்கூடத்த உட்டா வேற யாருங்க?”

அவர் மடியிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். “மொறப்படி பாத்த எடத்துலயே கிழிச்சிப் போட்டுட்டேங்க. பேர மட்டும் கிழிக்கறதுக்கு மனசு வர்ல.”

உள்ளங்கை அளவு துண்டு. நடுவில் என் கையெழுத்து. நான்கு பக்கமும் நான்கு கறுப்பு முனைகள்.

எங்கள் வீட்டுக்கும் சாவுச் செய்தி சொல்லும் கார்டு வந்ததுண்டு. மூலையில் கறுப்பு மை தொட்டிருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அம்மா வாசலிலேயே நின்று படிப்பாள், அங்கேயே கிழித்துப் போடுவாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். நல்ல சேதி என்றால் மூலைகளில் மஞ்சள், கெட்ட சேதி என்றால் கறுப்பு. ஊரில் எழுதத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஆனால் அது தபாலில் வருகிற கறுப்பு, இது அப்பாவின் டப்பாவில் இருக்கிற கறுப்பு. இரண்டும் ஒரே கறுப்பு என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. நாக்கில் அந்தப் பசையின் ருசி வந்தது.

மரத்தடியில் அவள் அம்மா ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். முதலில் அழுகைதான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ராகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ராகம். ஆஸ்டல் தொட்டியடியில் கேட்டதேதான்.

“ஒக்காந்திருக்கும் சிட்டுக்கெல்லாம் ஒரு புடிய உட்டு வெச்சேன்,
ஒத்தப் புள்ள எனக்கு நீ ஒரு புடியும் உடலியே.”

‘ஒரு புடி’ என்ற இடத்தில் அதேபோலக் கீழே இறங்கியது. ஆனால் அங்கே நிற்கவில்லை. அதற்கு மேலும் போயிற்று, மகள் எனக்குப் பாடிக் காட்டாத இடங்களுக்கெல்லாம். நடுநடுவே மகளின் பெயரைக் கூப்பிட்டாள். பதினான்காம் பக்கத்துக்கு வரவேண்டிய மீதிப் பாட்டின் ராகத்தை நான் அப்படித்தான் கேட்டேன். முழுதாகக் கேட்டேன். இன்றைக்கும் தெரியும். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

“யாரு அனுப்புனது இத?” என்று தலைமை ஆசிரியை எல்லோரையும் பார்த்துக் கேட்டார். பாட்டு டீச்சர் அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். மெதுவாகத் திரும்பித் தட்டியைப் பார்த்தார். இடுக்கில் என் கண் தெரிந்திருக்க வேண்டும். “தெரியலிங்க டீச்சர்” என்றார்.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ‘அது சாவுச் சீட்டு இல்லிங்க, பொருளடக்கம்’ என்று. ஒரே வாக்கியம். அவர் அழுகை நின்றிருக்கும். நான் தட்டியை விட்டு நகரவில்லை. பயந்தாங்கொள்ளி. வேறு சொல் கிடையாது.

கரும்புத் தோட்டத்தில் ஏதோ நடந்து, அது பள்ளிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டுக்குப் போனார்கள். அந்தத் துண்டை மறந்து மேஜையிலேயே விட்டுப் போனார் அவள் அப்பா. பாட்டு டீச்சர் அதை எடுத்து வந்து, ஹார்மோனியத்தின் மேல்பலகையைத் தூக்கி உள்ளே போட்டு மூடினார். நோட்டைத் திறந்து, வெட்டிய ஓரத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

அவள் உயிரோடு இருக்கிறாள், கரும்புத் தோகை கழித்துக்கொண்டிருந்தாள் என்று மூன்றாம் நாள் சேதி வந்தது. ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. “படிப்பு இல்லாத ஜனங்க, ஒரு காயிதத்தப் பாத்துட்டு இன்னா ஆட்டம் ஆடிட்டாங்க பாரு” என்று பேசிக்கொண்டார்கள். பாட்டு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் பானையருகே என்னைத் தனியாகப் பிடித்து, “யார்கிட்டயும் சொல்லாத. அந்தப் பொண்ணு நல்லாத்தான இருக்கா, அது போதும்” என்றார். என்னைக் காப்பாற்றினார் என்று வெகு காலம் நன்றியோடு இருந்தேன். அது காப்பாற்றியது இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கே அடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தியிருந்தால் எனக்கு நல்லது செய்திருப்பார்.

ஆண்டு விழாவில் அதிகாரி தம்புராவைப் புரட்டினார். பொருளடக்கம் இல்லையா என்றார். சின்னப் புத்தகம்தானே, வேண்டியிருக்கவில்லை என்றார் டீச்சர். நமக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. என்னுடையதை நான் கோமுகி ஆற்றில் தவறவிட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். தவறவிடவில்லை.

அவளை அதற்கப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன். பங்குனி வெயில். கரும்பு வெட்டு முடிந்து மலைக்குத் திரும்பும் கூட்டம் பாத்திரம் பண்டங்களோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. ஸ்டுடியோ வாசலிலிருந்தே அந்தச் சுருண்ட முடி தெரிந்தது. கை முழுக்கத் தோகை கிழித்த கோடுகள். ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. அவள் அம்மாதான் திரும்பினாள்.

“அந்தப் பேர சொல்லாத பாப்பா.” கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். “அந்தப் பேரச் சொல்லி மூணு நாளு ஒப்பாரி வச்சிட்டேன். எமன் காதுல உழுந்திருக்கும். தேடிக்கினு வருவான். இப்ப வேற பேரு வச்சிக்கிறோம்.”

“பள்ளிக்கூடம்?” என்றேன்.

“வாணாம் பாப்பா. அங்கருந்துதான அந்தச் சீட்டு வந்துச்சி.”

பஸ் வந்து நின்றது. மூட்டைகளை ஏற்றும் தள்ளுமுள்ளு. அவள் இடுப்பில் யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு படியில் ஏறினாள். ஏறியவள் அம்மா பார்க்காத நேரத்தில் ஜன்னலோரம் வந்து குனிந்தாள். பழைய குரல்தான்.

“பொஸ்தகம் வந்துச்சா?”

“வந்துச்சி.”

“எம் பேரு போட்டாங்களா?”

அவளுக்குத் தெரியாது. அந்தச் சீட்டு எது, யார் அனுப்பியது, எதுவும் தெரியாது. அவள் அப்பாவே கிழித்துப் போட்டதுதான் அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் என்பதும் தெரியாது. இப்போதாவது சொல் என்று உள்ளே ஏதோ முட்டியது. நான் சொன்னது இதுதான்:

“போட்டாங்க.”

“எத்தினியாவது பக்கம்?”

“பதினாலு.”

“பதினாலு” என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கணக்குப் பாடம் மாதிரி. பிறகு சிரித்தாள். பஸ் போய்விட்டது. புதுப் பெயர் என்ன என்று கேட்க மறந்துபோனேன். அதனால் அவளைத் தேடவும் வழி இல்லாமல் போயிற்று. பின்னாளில் இரண்டு முறை வெள்ளிமலைக்குப் போனேன். டீக்கடை இல்லை. நான் தேடும் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். இருக்க மாட்டார்கள்தானே. அந்தப் பெயரை நான் அல்லவா கொன்றுவிட்டு வந்திருக்கிறேன்.

பள்ளியின் ஹார்மோனியத்தைப் பழைய சாமான்களோடு எப்போதோ ஏலம் விட்டுவிட்டார்கள். இன்றும் எந்தக் கோயிலில், எந்தக் கச்சேரியில் பழைய ஹார்மோனியத்தைப் பார்த்தாலும் எனக்கு அதன் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் போல இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் தூக்கியே பார்த்துவிட்டேன். வாசிக்க வந்தவர் எலி புகுந்துவிட்டதா அம்மா என்றார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொருளடக்கம் எழுத உட்கார்ந்து, வாழ்த்துரை, வாய்ப்பாட்டுக் கட்டுரை, விடுகதை எல்லாம் எழுதி, புள்ளிகளும் வைத்துவிட்டேன். இப்போது புள்ளிகள் ஒரே அளவில் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் பாட்டின் பெயரையும் எழுதினேன். எண்ணையும் எழுதினேன். நடுவில் வந்து நின்றுவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லாதே என்று அம்மா கேட்டாள். அந்தப் பெயரைப் போட்டார்களா என்று மகள் கேட்டாள். இருவரில் யார் சொல்லைக் கேட்பது? இந்தக் குறிப்பு முழுக்க அம்மாவின் சொல்லைத்தான் காப்பாற்றியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஆனால் போட்டார்கள் என்று நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் ஒரு பெயர் கடன்பட்டிருக்கிறேன்.

நேற்று அடுப்படியில் மஞ்சளை உரசிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, அவள் பெயரை எழுதினேன். கார்னர் இல்லை, கட்டம் இல்லை. மற்றவர்கள் பெயர் எப்படியோ அப்படி. மை காய்ந்ததும் தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன்.

பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் காலியாகவே இருக்கட்டும். அங்கே எழுத வேண்டியது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். தலைவிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்கேன் எடுப்பவர் ஓரங்களைச் சுத்தம் செய்து, வெட்டிச் சரிபண்ணித் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. மூலையில் மஞ்சளாகத் தெரிவது கறை இல்லை.